காதுக்குப் போட்ட நாற்காலி

பட்டறையில் போய் அவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். காது என்று கேட்டால் கையைப் பிடித்து அழைத்துப் போவார்கள். லாரியோ பஸ்ஸோ, எது வந்து நின்றாலும் நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை இன்ஜின்மேல் ஊன்றி, பிடியை வலது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நிற்பார். உள்ளே எந்த உருப்படி முனகுகிறது, எது நாளைக்கு முனகப்போகிறது என்று புட்டுப்புட்டு வைத்துவிடுவார். வண்டிக்காரன் சொல்வதை மட்டும் ஒருநாளும் நம்பியதில்லை. "நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணே ஓடிச்சு" என்று எவனாவது ஆரம்பித்தால் போதும், "வண்டி பேசட்டும், நீ சும்மா இரு" என்பார்.

இந்தச் சந்தேக புத்தி பட்டறையோடு நின்றிருந்தால் தொழில் பக்தி என்று பாராட்டிவிட்டுப் போகலாம். மனுஷன் அதைச் சட்டைப் பையில் போட்டு வீட்டுக்கும் எடுத்துக்கொண்டு போவார். காய்க்கடைக்காரர் கொசுறாக ஒரு தக்காளி போட்டால், மற்ற தக்காளிகளையெல்லாம் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தால் ஏணி இரவல் கேட்க வருகிறார் என்பார். பாதி நாள் அவர் ஏணி கேட்கத்தான் வந்திருப்பார் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இப்படிப்பட்டவர் கண்ணை மூடிக்கொண்டு நம்பிய ஒரே சாமான் சிகரெட். வண்டி விடும் புகையைப் பார்த்தே நோய் சொல்கிறவர் அவர். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது, கறுப்பாக வந்தால் காற்று போதவில்லை என்பார். தன் மூக்கு வழியாக வருகிற புகை என்ன நிறம் என்று ஒருநாளாவது யோசித்தது உண்டா? ஊருக்குத்தானே உபதேசம். டயர் குவியலுக்குப் பின்னால் அவரும் டிங்கர் வேலை பார்க்கிறவனும் சேர்ந்து நின்றால், எழும்புகிற புகையைப் பார்த்து அங்கே ஏதோ வண்டி கோளாறு என்று வாசலில் வருகிறவர்கள் நினைப்பார்கள்.

இனி அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதைக்கு அதுதான் அச்சாணி. பட்டறைச் சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, ஒரு ஆணியில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று தொங்கும். சாதாரணமாக யாரும் அதில் உட்காருவதில்லை. முன்னொரு சமயம் ஒரு லாரிக்காரரிடம் நின்ற வாக்கில் "இன்ஜின் பிளாக் வெடிச்சிடுச்சு, இனி இது காயலான் கடைக்குத்தான்" என்று யாரோ சொல்லப்போக, அவர் அப்படியே மடங்கி விழுந்துவிட்டார். அன்றைக்குக் காது ஒரு வழக்கத்தை உண்டாக்கினார். இன்ஜின் பிழைக்காது என்று தெரிந்தால், முதலில் நாற்காலியை இறக்க வேண்டும். வேஸ்ட் துணியால் துடைக்க வேண்டும். ஃபேனை அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். டீ வர வேண்டும். சுத்தியல் சத்தம் கூடாது, யாரும் குரலை உயர்த்தக் கூடாது. வண்டிக்காரர் டீயைக் குடித்து முடித்த பிறகு காதே போய், தோளில் கை வைத்து, "பயப்பட ஒண்ணும் இல்லை" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் பயப்பட வேண்டியதாகத்தான் இருக்கும். "நாற்காலி போட்டாச்சா?" என்றால் அந்தப் பட்டறை பாஷையில் "கதை முடிஞ்சுதா?" என்று அர்த்தம்.

காதுக்கு இருமல் வந்தது. வந்தது போகவில்லை. மனைவி சொல்லிச் சொல்லிப் பார்த்தாள், கடைசியில் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள். டாக்டரம்மா நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டார். கேட்கிற விதத்தைக் காது கவனித்தார். கையில் தொழில் இருக்கிறவர்தான் என்று தோன்றியது. பிறகு அவரை எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார்கள். எடுத்து முடித்துத் திரும்பி வந்தால், டாக்டர் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே இரண்டு பெண்களின் குரல். என்ன பேச்சு என்று புரியவில்லை. இவர் கதவைத் தள்ளியதும் பேச்சு நின்றது. மனைவி முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

"பயப்பட ஒண்ணும் இல்லை" என்றார் டாக்டரம்மா.

அது காது வண்டிக்காரர்களிடம் சொல்கிற அதே வாசகம்.

"ஆனா சிகரெட்டை இன்னையோட விட்டுடணும். தனியா முட்டி மோதாதீங்க. வீட்லயும் வேலை இடத்துலயும் சொல்லி வைங்க, கூட இருக்கிறவங்க கை கொடுத்தாத்தான் இது நடக்கும். ஆசை வரும். வந்தா கொஞ்ச நேரம் மனசை வேற பக்கம் திருப்புங்க. வந்த மாதிரியே போயிடும். மெல்லுறதுக்கு ஒரு மருந்து எழுதித் தரேன்."

காது தலையை ஆட்டினார். மனசுக்குள் ஓடியது வேறு. ஒன்றும் இல்லை என்றால் எதற்காக விட வேண்டும்? விடச் சொன்னால் ஏதோ இருக்கிறது. கதவு ஏன் சாத்தியிருந்தது? நெருப்பில்லாமல் புகையுமா? வாயைத் திறந்து கேட்டிருக்கலாம். ஆனால் கேட்டால் பொய்தான் வரும் என்பது அவர் சித்தாந்தம். கேட்கக் கூடாது, காதைக் கொடுத்துக் கவனிக்க வேண்டும்.

சாவு பயத்தில் அன்றைக்கே விட்டார். இருந்த பாக்கெட்டை நசுக்கிச் சாக்கடையில் போட்டார். தூக்கம் போனது, தொட்டதற்கெல்லாம் கோபம் வந்தது. மருந்தை மென்று மென்று தாடை வலித்தது. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டார். மனைவியின் நடத்தையைத்தான் தாங்க முடியவில்லை.

அவளுடைய வாய் தெருவே அறிந்த வாய். ஜன்னல் கட்டையில் ஒரு துளி சாம்பல் கிடந்தால் இவருடைய மூன்று தலைமுறையைக் கூப்பிட்டு விசாரிப்பாள். அப்படிப்பட்டவள் ஊமையாகிவிட்டாள். ஒருநாள் இவர் கிரீஸ் ஒட்டிய காலோடு, அப்போதுதான் கழுவிவிட்ட தரையில் நடந்து அடுக்களை வரைக்கும் போய்விட்டார். போன பிறகுதான் திரும்பிப் பார்த்தார். வாசலிலிருந்து கறுப்புக் கறுப்பாகப் பாதம். வெடி எப்போது வெடிக்கும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"பரவால்லைங்க, நான் துடைச்சுக்கறேன்" என்றாள்.

வெடித்திருந்தால்கூடக் காது இவ்வளவு பயந்திருக்க மாட்டார். இன்னொரு நாள், குளிக்கிற தண்ணீர் சூடாக இருக்கிறது என்று சொம்பை விட்டெறிந்தார். சொம்பு நெளிந்தது. அவள் ஒரு வார்த்தை பேசாமல் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிவிட்டுப் போனாள். அன்று சாயங்காலம் அவள் போனில் தன் தம்பியோடு தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டதும் "சரிடா, அவர் வந்துட்டாரு" என்று வைத்துவிட்டாள்.

அந்தத் தம்பி இவருக்கு மச்சான், அதே பட்டறையில் எலக்ட்ரீஷியன். மறுநாள் காலையில் காது ஒரு பஸ்ஸுக்கு அடியிலிருந்து இருமிக்கொண்டே வெளியே வந்தார். மச்சான் சுவரோரம் போய் எட்டி நாற்காலியை இறக்கினான். வேஸ்ட் துணியால் துடைத்தான். ஃபேனைத் திருப்பினான்.

"யாருக்குடா நாற்காலி? எந்த வண்டி போச்சு?" என்றார் காது.

"உங்களுக்குத்தான் மாமா. இருமல் வந்தா கொஞ்சம் உக்காந்துக்கலாம்ல."

டீ வந்தது. பட்டறையில் சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கியது. டிங்கர் பக்கத்தில் வந்து, "உக்காருங்கண்ணே" என்றான், ஆஸ்பத்திரி நர்ஸ்கூட அவ்வளவு மெதுவாகச் சொல்ல மாட்டாள். அவன் கையில் சிகரெட் இல்லை. டயர் குவியல் பக்கமே அவன் இப்போதெல்லாம் போவதில்லை.

"உனக்கு என்னடா ஆச்சு?"

"எனக்கும் ஒத்துக்கலைண்ணே. விட்டுட்டேன்."

ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையாக இருந்தது காதுக்கு. இவனாவது, விடுவதாவது. காய்ச்சலில் படுத்திருந்தபோதும் போர்வைக்குள் புகைத்தவன் இவன். யாரோ இவனுக்கு ஏதோ சொல்லியிருக்கிறார்கள். சாகப்போகிறவன் முன்னால் பிடிக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

காது நாற்காலியில் உட்கார்ந்தார். தான் உண்டாக்கிய வழக்கம், தனக்கே வந்து நிற்கிறது. டீயைக் குடித்து முடித்தால் யாராவது வந்து தோளில் கை வைப்பார்களோ என்று பயந்து, பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

அதற்குப் பிறகு மச்சானைத் தனியாக மடக்கினார். "உங்க அக்கா உங்கிட்ட என்னடா சொன்னா?"

"என்ன மாமா, ஒண்ணும் சொல்லலையே." சொல்லும்போதே அவன் கண் கூரைக்குப் போனது. பையனுக்குப் பொய் வராது. அக்கா சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

டாக்டரம்மாவிடமும் தனியாகப் போனார். அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "உங்க நுரையீரல் ரொம்பப் பாடுபட்டிருக்கு. ஆனா கெட்டது எதுவும் இல்லை. இப்படியே விட்டீங்கன்னா இருமல் குறையும். நம்புங்க."

"என்கிட்ட மறைக்கலையே?"

"எதுக்கு மறைக்கணும்?"

நல்ல முகம்தான். அமைதியான முகம். காதும் எத்தனையோ வண்டிக்காரர்களிடம் அதே முகத்தை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஆகவே அதையும் நம்பவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

இப்படியே வாரங்கள் போயின. இருமல் உண்மையிலேயே குறைந்தது. ஏணியில் ஏறும்போது மூச்சு முன்னைப் போல வாங்கவில்லை. அதையும் சந்தேகப்பட்டார். அணையப்போகிற இன்ஜின் சில சமயம் ஒரு நிமிஷம் சுத்தமாக ஓடும், அவர் பார்த்திருக்கிறார்.

கடைசியில் முதலாளி வந்தார். சம்பளத்தில் ஒரு பொழுதைக்கூட விட்டுக்கொடுக்காத முதலாளி. இவர் தோளில் கை வைத்து, "ஒரு வாரம் லீவு போட்டுக்கிட்டு வீட்டோட இருங்களேன். சம்பளம் பிடிக்க மாட்டேன்" என்றார்.

சரி, முடிந்தது. இதற்கு மேல் அத்தாட்சி வேண்டுமா என்ன? காதுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. எப்படியும் போகிற உயிர், எதற்காக இப்படிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்க வேண்டும்? சாகிறவனுக்கு ஒரு சிகரெட் பிடிக்க உரிமை கிடையாதா? வழக்கமான கடைக்குப் போனால் சேதி வீட்டுக்குப் போய்விடும் என்று இரண்டு தெரு தள்ளிப் போய் ஒன்றே ஒன்று வாங்கினார்.

வெயில் தாழ்ந்த நேரம். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து பற்றவைத்தார். முதல் இழுப்பிலேயே தலை சுற்றியது. தொண்டை அறுந்ததுபோல் இருமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே மனைவி. இடுப்பில் துவைத்த துணி வாளி.

அவள் வாளியை இறக்கி வைத்தாள். நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அப்புறம் ஆரம்பித்தாள்.

"மனுஷனா நீங்க? இத்தனை நாளா நாக்கைக் கடிச்சுக்கிட்டுக் கிடக்கேனே, எதுக்கு? அந்த டாக்டரம்மா சொல்லி விட்டாங்க, விட்ட புதுசுல எரிஞ்சு விழுவாரு, திட்டாதீங்க, குத்திக் காட்டாதீங்கன்னு. கழுவின தரையில கிரீஸ் காலை வெச்சீங்க, வாயைத் திறந்தேனா? எங்கம்மா கொடுத்த சொம்பை நெளிச்சீங்க, வாயைத் திறந்தேனா? எனக்குத் தொண்டையில முள்ளு மாதிரி நின்னுச்சு. நீங்க இல்லாத நேரமாப் பாத்துப் பட்டறைக்குப் போய் ஒவ்வொருத்தன்கிட்டயும் கெஞ்சிட்டு வந்தேன், அவர் முன்னாடி பிடிக்காதீங்கப்பா, கத்தாதீங்கப்பா, கொஞ்சம் பதமாப் பாத்துக்கங்கப்பா, நான் சொன்னது அவருக்குத் தெரிய வேண்டாம்னு. அந்த டிங்கர் தம்பி எனக்காக அதையே விட்டுத் தொலைச்சான். அவனுக்கு இருக்கிற ரோஷம் உங்களுக்கு இல்லையே. இன்னும் முப்பது வருஷம் உங்களோட குப்பை கொட்டணும்னு என் தலையில எழுதியிருக்கு. லொக்கு லொக்குன்னு இருமுற ஆளை வெச்சுக்கிட்டு முப்பது வருஷத்தை நான் எப்படிங்க ஓட்டுறது?"

காது கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, தலையை வலது பக்கம் சாய்த்துக் கேட்டார். எங்கேயும் பிசிறு இல்லை. எங்கேயும் ஒளிவு இல்லை. நாற்காலி போடப்பட்டவனிடம் யாராவது இப்படிக் கத்துவார்களா? சாகப்போகிறவனை எவளாவது சொம்பு நெளிந்ததற்காகக் கேள்வி கேட்பாளா? கையிலிருந்ததைத் தொட்டித் தண்ணீர் ஒழுகி நின்ற குட்டையில் போட்டார். அது உஸ்ஸென்று அணைந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எதுக்குச் சிரிக்கறீங்க இப்போ?"

"இன்னொரு தடவை சொல்லேன்."

"எதை?"

"அந்த முப்பது வருஷம்."

மூளை கலங்கிவிட்டதோ என்று அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அப்போதுதான் காது எல்லாவற்றையும் சொன்னார். சாத்திய கதவைச் சொன்னார், போனைச் சொன்னார், நாற்காலியைச் சொன்னார், டீயைச் சொன்னார். நாற்காலி என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொன்னார். அவளுக்கு அது தெரியாது. பதமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொன்னதும், அந்தத் தடிமாடுகளுக்குப் பதமாக நடப்பதில் தெரிந்த ஒரே முறையைச் செய்திருக்கிறார்கள். முதலாளிக்கும் அவள்தான் சொல்லியிருந்தாள். நாற்காலியைப் பார்த்தால் இவர் என்ன நினைப்பார் என்று ஒரு பயலுக்காவது தோன்ற வேண்டாமா?

சொல்லி முடித்தபோது அவள் சிரிக்கவில்லை. ஈரத் துணி வாளிக்குப் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இத்தனை நாளும் செத்துப் போயிடுவோம்னு நெனச்சுக்கிட்டா பக்கத்துல படுத்திருந்தீங்க?"

"ம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையே."

"கேட்டா நீ மறைப்பேன்னு..."

"கல்யாணமான நாள்லேர்ந்து உங்களைத் திட்டியிருக்கேன். இல்லைங்கல. ஒருநாளாவது பொய் சொல்லியிருக்கேனா?"

காது யோசித்துப் பார்த்தார், அகப்படவில்லை. அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஊரிலுள்ள இன்ஜினுக்கெல்லாம் காதைக் கொடுத்தவர், இவளுடைய பேச்சைச் சத்தம் என்று மட்டும்தானே நினைத்திருந்தார்.

"எனக்கும் பயமாத்தாங்க இருந்துச்சு" என்றாள் அவள். "நீங்க தூக்கத்துல இருமும்போதெல்லாம் முழிச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டே கிடப்பேன். நேத்தைக்கு இன்னைக்குக் குறைஞ்சிருக்கான்னு. உங்களுக்கு மட்டும்தான் காது இருக்குன்னு நெனப்பா?"

அவர் வாளியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து உதறினார். இரண்டு பேருமாகப் பிடித்துக் கொடியில் போட்டார்கள்.

மறுநாள் பட்டறைக்குப் போனதும் முதல் வேலையாக நாற்காலியை எடுத்து ஆணியில் மாட்டினார். "எனக்கு எவனாவது இதை இறக்கினீங்க, கையை முறிச்சிடுவேன்" என்றார். விஷயம் தெரிந்ததும் மச்சான் தலையில் அடித்துக்கொண்டான். டிங்கர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சுத்தியல்கள் பழையபடி இறங்கின.

கதை இங்கே முடிந்திருந்தால் சௌகரியம். ஆனால் இதுவரை அவரைக் கட்டிப் போட்டிருந்தது சாவு பயம். அந்தக் கட்டு அவிழ்ந்துவிட்டது அல்லவா? உயிருக்கு ஆபத்தில்லை என்று தெரிந்ததும் ஆசை மெல்லத் தலையைத் தூக்கியது. ஒன்றே ஒன்று பிடித்தால் என்ன ஆகிவிடும் என்றது. சந்தேகப்பட வேண்டிய குரல் ஒன்று உண்டென்றால் அதுதான்.

மத்தியானம் ஒரு லாரியைக் கட்டி இழுத்து வந்தார்கள். காது ஸ்குரூ டிரைவர் வைக்கக்கூட இல்லை, பிளாக்கில் விரிசல் கண்ணுக்கே தெரிந்தது. வண்டிக்காரருக்கு நாற்காலி இறங்கியது. டீ வந்தது. மனுஷன் டீயைத் தொடவில்லை. ஒரு சிகரெட்டை எடுத்துப் பற்றவைத்தார். பாக்கெட்டை இவர் பக்கமும் நீட்டினார்.

புகை நேராக இவர் மூக்குக்கு வந்தது. வாயில் எச்சில் ஊறியது. கை தானாக அரை அடி நீண்டுவிட்டது. டிங்கர் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் தொண்டையும் ஏறி இறங்கியது.

"இதோ வந்துடறேன்" என்று காது பின்பக்கம் போனார். டயர் குவியலுக்குப் பின்னால் நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இந்த நேரத்துல?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் திட்டேன்."

"வேலை நேரத்துல என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்ல. ஆசை வந்துடுச்சு. கை நீண்டுடுச்சு. சீக்கிரம் திட்டு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற ஓசை. அப்புறம் ஆரம்பமானது. காலையில் நனைத்துப் போட்ட துண்டு, மூடாமல் விட்ட பற்பசை, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி இல்லையென்று சொன்னது, நெளிந்த சொம்பு, நெளிந்த சொம்பு மறுபடியும். காது போனை வலது காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி நின்றார். இடையில் அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, "நிறுத்தாதே, இன்னும் கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றார். அவள் அவருடைய தங்கை கல்யாணத்தில் நடந்த பழைய கதைக்குப் போய்விட்டாள்.

மெல்ல மெல்லக் கை அடங்கியது. வாயில் ஊறியது வற்றியது.

"போதுமா?" என்றாள்.

"போதும். அந்த ஆள்கிட்ட பிளாக் போச்சுன்னு சொல்லணும். வெக்கிறேன்."

"சாயங்காலம் காலைக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள் அவள்.